375 கிலோமீட்டர் - தூரமா? பக்கமா?



காலம் = தூரம் ÷ வேகம். இந்தச் சூத்திரத்தை வைத்து எத்தனை கணக்குப் போட்டிருப்போம்! ரயில் கணக்கு, பஸ் கணக்கு, விமானக் கணக்கு என்று எல்லாம் போட்டாச்சு. ஆனால் இரண்டு ஊர்களைப் பற்றிப் படித்த பிறகு, இந்தச் சூத்திரத்தில் ஏதோ ஒன்று விட்டுப்போச்சு என்று எனக்குத் தோன்றுகிறது.

முதல் ஊர் நோம். அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் பெரிங் கடலோரம் இருக்கிறது. மாநிலத்தின் பெரிய நகரங்களிலிருந்து இங்கே வரச் சாலையே கிடையாது. விமானம்தான் கதி. இரண்டாவது ஊர் புரோவிதேனியா. ரஷ்யாவின் சுக்கோத்கா பகுதியில் எதிர்க்கரையில் இருக்கிறது. வகுப்பில் மாட்டியிருக்கும் உலகப் படத்தில் அலாஸ்கா இடது கோடி, ரஷ்யா வலது கோடி. ஆனால் உலக உருண்டையைச் சுற்றிப் பாருங்கள். இரண்டும் எதிர் வீடு, அவ்வளவுதான்!

இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே சுமார் 375 கிலோமீட்டர். மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தால் 45 நிமிடம். கணக்கு டீச்சர் முழு மார்க் போட்டுவிடுவார். ஆனால் விடை சரியா?

இந்தக் கடலின் இரண்டு கரையிலும் யூப்பிக் இன மக்கள் வாழ்கிறார்கள். ஒரே மொழி பேசும் சொந்தக்காரர்கள். ஒரு காலத்தில் படகிலேயே போய்வந்து உறவாடியவர்கள். 1948-இல் பனிப்போர் காரணமாக எல்லையை மூடினார்கள். அக்கரையில் இருப்பவர்களை இக்கரைக்காரர்கள் பார்க்க முடியவில்லை. 1988 ஜூன் 13 அன்று நோமிலிருந்து ஒரு விமானம் புரோவிதேனியாவுக்குப் பறந்தது. அதில் போன யூப்பிக் மக்கள் தங்கள் சொந்தங்களைச் சந்தித்தார்கள். 45 நிமிடப் பயணத்துக்கு 40 வருடம் காத்திருந்தார்கள்! அந்த 40 வருடமும் தூரம் அதே 375 கிலோமீட்டர்தான். ஒரு அடிகூட கூடவில்லை.

அதற்குப் பிறகு சிறிய விமானங்கள் போய்வந்தன. 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியதும் அமெரிக்காவும் ரஷ்யாவும் ஒருவர் விமானத்துக்கு மற்றவர் வானத்தை மூடிவிட்டார்கள். இப்போது நோமிலிருந்து புறப்பட்டால் ஆங்கரேஜ் போய், வேறொரு நாடு போய், மாஸ்கோ போய், அங்கிருந்து எட்டு மணி நேரம் பறந்து அனாதிர் போய், அதற்கப்புறம்தான் புரோவிதேனியா. எதிர் வீட்டுக்குப் போக உலகத்தையே சுற்றணும்!

"நாட்டுப் பாதுகாப்பு முக்கியம் இல்லையா?" என்று என் தோழி கேட்டாள். முக்கியம்தான். வேலியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேலியில் ஒரு படல் இருக்கட்டும் என்கிறேன். இது நடக்காத காரியமும் இல்லை. 1989-இல் இதே இரண்டு அரசுகளும் பேசி, அந்த மண்ணின் பூர்வகுடிகள் விசா இல்லாமல் உறவினர்களைப் பார்த்துவர ஒப்பந்தம் போட்டார்களே! பெரியவர்கள் சண்டை போட்டாலும், பாட்டியைப் பார்க்கப் போகும் பேரனுக்கு வழி விடலாம்.

இனிமேல் யாராவது என்னிடம் இரண்டு ஊருக்கு நடுவில் எவ்வளவு தூரம் என்று கேட்டால், கிலோமீட்டரைச் சொல்லிவிட்டு, "போக விடுவாங்களா?" என்றும் கேட்பேன். சூத்திரத்தில் விட்டுப்போனது அந்தக் கேள்விதான்.

- பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி