டியூப்பா, பட்டினியா? கேள்வியே தப்பு!

"வாய் வழியா சாப்பாடு இறங்கலை. டியூப் போடலாமா, இல்லை பட்டினியா விட்டுடப் போறீங்களா?"

டிமென்ஷியா முற்றிய பெரியவரை ஆஸ்பத்திரியில் சேர்த்த குடும்பத்திடம் வராந்தாவில் வைத்துக் கேட்கப்படும் கேள்வி இது. இப்படிக் கேட்டால் எந்தப் பிள்ளை 'பட்டினி' என்று சொல்லுவான்? உடனே கையெழுத்து. மூக்கு வழியாக ரைல்ஸ் டியூப். இதற்குப் பெயர் சம்மதமாம்!

இது சம்மதம் இல்லை, மிரட்டல். ஏனென்றால் மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. அதைச் சொல்லாமலே கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள்.

முதலில் நோயைப் பார்ப்போம். டிமென்ஷியா வெறும் மறதி இல்லை. கடைசிக் கட்டத்தில் மெல்லுவதும் விழுங்குவதும்கூட மறந்து போகும். சோறு கன்னத்திலேயே அடங்கிக் கிடக்கும். தண்ணீர் கொடுத்தால் புரையேறும். பாஸ்டன் பகுதி முதியோர் இல்லங்களில் 323 பேரை 18 மாதம் கவனித்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில், சுமார் 86 சதவீதம் பேருக்கு இந்தச் சாப்பாட்டுப் பிரச்சினை வந்தது. பல்வலி, வாய்ப்புண், மலச்சிக்கல், புது மாத்திரை என்று சரிசெய்யக்கூடிய காரணம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அதெல்லாம் இல்லையென்றால் இது நோயின் போக்கு. யாரும் சரியாக ஊட்டவில்லை என்று அர்த்தம் இல்லை.

சரி, டியூப் போட்டால் ஆயுள் கூடுமா? கூடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. நிமோனியா வராதா? எச்சிலும், வயிற்றிலிருந்து மேலேறி வருவதும் நுரையீரலுக்குள் போவதை டியூப் எப்படித் தடுக்கும்? நிஜத்தில் நடப்பது வேறு. மூக்கில் என்ன இருக்கிறது என்றே புரியாத மனிதர் அதைப் பிடுங்குவார். பிடுங்காமல் இருக்கக் கையைக் கட்டிலோடு கட்டுவார்கள். பிள்ளைகளுக்கு ஊட்டி வளர்த்த கை அது!

அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014 அறிக்கையில் தெளிவாகவே சொல்லிவிட்டது: முற்றிய டிமென்ஷியாவுக்கு டியூப் வேண்டாம், கவனமாகக் கையால் ஊட்டுங்கள். அந்நாட்டு முதியோர் இல்லங்களில் இந்த நிலையில் இருப்பவர்களுக்கு டியூப் போடுவது 2000-ல் 11.7 சதவீதம், 2014-ல் 5.7 சதவீதம். (பக்கவாதம், தொண்டைப் புற்றுநோய் எல்லாம் வேறு கணக்கு. அங்கே டியூப் உயிர் காக்கலாம்.)

அந்த மூன்றாவது வழி இதுதான். நிமிர்த்தி உட்கார வைத்து, குழைந்த சாதமோ கூழோ, பிடித்த பாயசமோ, சின்ன ஸ்பூனில் ஒரு வாய். விழுங்கியாச்சா என்று பார்த்துவிட்டு அடுத்த வாய். முகத்தைத் திருப்பினால் நிறுத்திவிடலாம். இவ்வளவு உள்ளே போயே ஆகணும் என்ற கணக்கு கிடையாது. அதுவும் முடியாதபோது உதட்டையும் நாக்கையும் ஈரமாக வைத்தால் போதும். உடம்பு ஓய்ந்து வரும்போது பசியும் ஓய்கிறது. இது பட்டினி போடுவது இல்லை.

"ஊர் என்ன பேசும்?" என்பார்கள். ஊர் வந்து ராத்திரி கண் விழிக்கப் போவதில்லை! இன்னொரு காரணம் இருக்கிறது, யாரும் வெளியே சொல்லமாட்டார்கள். டியூப்பில் ஊற்றப் பத்து நிமிஷம் போதும். கையால் ஊட்ட அரை மணிக்கு மேல் ஆகும். கையெழுத்துப் போடுவது மகன், ஸ்பூன் பிடிப்பது மருமகள். அவள் ஒருத்தியால் முடியவில்லை என்றால் அது நியாயம்தான். அதற்குத் தீர்வு வீட்டு ஆண்களும் முறை போட்டு ஸ்பூன் பிடிப்பது. கிழவியின் மூக்கில் குழாய் சொருகுவது இல்லை.

ஆஸ்பத்திரிகள் செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. வட கரோலினாவில் 24 முதியோர் இல்லங்களில் நடந்து 2011-ல் வெளியான ஆய்வில், இரண்டு வழிகளின் நன்மை தீமைகளை விளக்கும் சிறு கையேட்டைக் குடும்பத்தினருக்குக் கொடுத்தார்கள். அவர்களுக்குக் குழப்பம் குறைந்தது, விவரம் தெரிந்தது, டாக்டரிடம் பேசுவதும் கூடியது. தமிழில் நாலு பக்கம் அச்சடிக்க எவ்வளவு ஆகிவிடும்?

அதுவரை குடும்பங்கள் பேனாவை எடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: "டாக்டர், கையால ஊட்டினா என்ன ஆகும்?" பதில் வராமல் கையெழுத்து வேண்டாம்.