தவளைத் தோல் பெப்டைடும் நீரிழிவுப் பாதப் புண்ணும்

14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை வெறுங்காலுடன் சுற்றிவரும் நீரிழிவு நோயாளிகள், பாதத்தில் ஏற்பட்ட காயத்தை உணராமலே போவதுண்டு. அடி அண்ணாமலை அருகே குத்திய முள், வீடு சேர்ந்த பின்னும் வலிப்பதில்லை. நரம்புகள் உணர்விழந்திருப்பதே காரணம். இத்தகைய புண்களுக்குத் தவளைத் தோலிலிருந்து மருந்து வந்துவிட்டதா என நீங்கள் கேட்கக்கூடும்.

தவளையின் ஈரத்தோலில் கிருமிகள் எளிதில் பெருகும். அவற்றைத் தடுக்க, தோல் சுரப்பிகள் பெப்டைடு எனும் சிறு புரதக் கூறுகளைச் சுரக்கின்றன. மெல்லிய மின்தூண்டலால் இச்சுரப்பைச் சேகரித்து, நிறப்பிரிகை முறையில் கூறுகளைத் தனித்தனியே பிரிக்கின்றனர். பின்னர் ஒவ்வொன்றின் நிறையும் அமினோ அமில வரிசையும் கண்டறியப்படுகின்றன. தோல் திசுவிலுள்ள ஆர்.என்.ஏ.வின் நியூக்ளியோடைடு வரிசையைப் படித்தும் பெப்டைடை அடையாளம் காணலாம். வரிசை தெரிந்தபின் அதனை ஆய்வகத்திலேயே தயாரிக்க இயலும், தவளை தேவையில்லை.

கேரளத் தவளை ஒன்றின் 32 பெப்டைடுகளைத் திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி உயிர்த்தொழில்நுட்ப மையமும் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகமும் ஆராய்ந்து, 2017-இல் முடிவை வெளியிட்டன. நான்கு பெப்டைடுகள் இன்புளூயன்சா வைரஸை எதிர்த்தன. அவற்றுள் மனித இரத்தச் சிவப்பணுக்களுக்குத் தீங்கு செய்யாத ஒன்றுக்கு, கேரளச் சுருள்வாளின் பெயரால் 'உருமின்' எனப் பெயரிட்டனர். (நம் உறுமி மேளத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.) அது எலிகளைக் காத்தது. இது ஃப்ளூ வைரஸ் பற்றிய ஆய்வு. பாதப் புண்ணுக்கானது அன்று.

பாதப் புண்ணுக்கான முயற்சி வேறொன்று. அறுவை செய்யப்பட்ட ஆப்பிரிக்கத் தவளைகளின் காயங்கள் அசுத்த நீரிலும் சீழ் பிடிக்காமல் ஆறுவதைக் கவனித்த மைக்கேல் சாஸ்லாஃப், 1987-இல் 'மகைனின்' பெப்டைடுகளைப் பிரித்தெடுத்தார். அதனை ஒட்டி உருவான 'பெக்ஸிகனான்' களிம்புக்கு 1999-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் ஒப்புதல் மறுத்தது. 2016-இல் வெளியான இறுதிக்கட்டச் சோதனை முடிவுகளிலும், மருந்து கலவாத களிம்பைவிட அது மேம்பட்டதாக இல்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டு உழைப்பின் நிலை இதுவே.

ஆகவே, தவளைச் சாறு என்று விற்கப்படும் எதனையும் புண்ணில் தடவாதீர்கள். தவளையைப் பிடித்து உரிப்பதும் உண்பதும் பயனற்றவை; உண்ட பெப்டைடு வயிற்றிலேயே செரித்துவிடும்.

நாள்தோறும் இரவில் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் பாருங்கள். குனிய இயலாதவர்களுக்குப் பராமரிப்பாளர் பார்க்கட்டும். காயம் சிறிதாயினும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். சீழ், துர்நாற்றம், கருமை, பரவும் சிவப்பு, காய்ச்சல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தென்பட்டால், அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.