ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறதா? முதலில் கண்டன்சரைப் பாருங்கள்!

பங்குனி வெயில் ஏற ஏற, பல வீடுகளில் கேட்கும் புலம்பல் இது: "அஞ்சுல வெச்சாலும் ஃபேன் ரெண்டுல ஓடுற மாதிரிதான் ஓடுது. புதுசா மாத்திட வேண்டியதுதான்!"

கொஞ்சம் பொறுங்கள். வருஷக்கணக்காக உழைத்த ஃபேன் நாளாக நாளாக மெதுவானால், கெட்டுப்போனது பெரும்பாலும் தீப்பெட்டி அளவுள்ள ஒரு பொருள்தான். அதன் மேல் 'கெப்பாசிட்டர்' என்று அச்சிட்டிருக்கும். எலக்ட்ரீஷியன்களுக்கு அது 'கண்டன்சர்'. விலை பெரும்பாலும் நூறு ரூபாய்க்குள்.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் தெருக்களில் வீடும் தறியும் ஒரே கூரையின் கீழ் இருக்கும். குழித்தறியில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவருக்கு ஃபேன் சோர்ந்தால் வேலையும் சோரும். கூலியை எண்ணிச் செலவு செய்யும் வீட்டில் ஒரு புது ஃபேன் சின்னச் செலவல்ல. தறியில் ஓர் இழை அறுந்தால் பாவையே யாரும் தூக்கி எறிவதில்லை. அறுந்த இழையைத் தேடி முடிச்சுப் போடுவார்கள். ஃபேனுக்கும் அதே நியாயம்தான்.

கண்டன்சர் என்ன செய்கிறது?

நம் வீடுகளின் ஃபேன்கள் ஓடுவது சிங்கிள் ஃபேஸ் மின்சாரத்தில். அதை மட்டும் கொடுத்தால் மோட்டார் 'ம்ம்' என்று முனகும். எந்தப் பக்கம் சுற்றுவதென்று அதற்குத் தெரியாது. மோட்டாருக்குள் இரண்டு காயில்கள் உண்டு. அவற்றில் ஒன்றுக்குப் போகும் மின்னோட்டத்தைக் கண்டன்சர் சற்று முன்னே நகர்த்துகிறது. அந்த முன்பின் வித்தியாசம்தான் ஃபேனை ஒரே பக்கமாகத் தள்ளிச் சுற்ற வைக்கிறது.

கண்டன்சருக்குள் இருப்பது பிளாஸ்டிக் ஏடு. அதன் மேல் மெல்லிய உலோகப் பூச்சு, ஜரிகையில் வெள்ளி மேல் ஏறிய தங்க முலாம் மாதிரி. வோல்டேஜ் எகிறும்போது ஏட்டில் ஊசிமுனை அளவு ஓட்டை விழும். அந்த இடத்துப் பூச்சு ஆவியாகிவிடுவதால் ஷார்ட் ஆகாது, ஃபேனும் நிற்காது. ஆனால் ஒவ்வொரு முறையும் பூச்சு கொஞ்சம் குறையும். 2.5 மைக்ரோஃபாரட் 2 ஆகும், பிறகு 1.5 ஆகும். காற்றும் அப்படியே குறையும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

சுவிட்சை அணைத்து, ஃபேன் நின்றபின் இறக்கையைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். கரகரவென்று சத்தம் வந்தால், இறுக்கமாக இருந்தால், பேரிங் கோளாறு. லேசாகச் சுற்றியும் கரண்டில் மெதுவாக ஓடினால் கண்டன்சர் மேல் சந்தேகப்படலாம். குறிப்பிட்ட எண்களில் மட்டும் மெதுவாக ஓடினால் ரெகுலேட்டரைப் பாருங்கள். எரிந்த வாடை வந்தால் காயில்.

கிரைண்டருக்கும் இதே கதைதான். 2011-ல் தமிழக அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் திட்டத்தைத் தொடங்கியது. அப்போது வாங்கியவை இன்னும் பல வீடுகளில் ஓடுகின்றன. மாவாட்டும்போது கிரைண்டர் முனகிக்கொண்டே சுற்றாமல் நின்றால் உடனே அணைத்துவிடுங்கள். அப்படியே விட்டால், கண்டன்சரோடு முடியவேண்டிய செலவு காயில் கட்டும் செலவாகிவிடும்.

டிவி, செட்-டாப் பாக்ஸ் அடாப்டர்களில் இருப்பது வேறு வகை: உருளை வடிவம், உள்ளே ரசாயனத் திரவம். சூட்டில் திரவம் காய்ந்து, தலைப்பகுதி உப்பிவிடும். சூடு 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். அதனால் செட்-டாப் பாக்ஸ் மேல் துணி போர்த்தாதீர்கள். காற்று பட வையுங்கள்.

ஜாக்கிரதை!

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சருக்குள் மின்சாரம் தங்கியிருக்கும். டிவி பவர் போர்டில் அது 300 வோல்ட்டைத் தாண்டும். மைக்ரோவேவ் அவனில் ஆயிரக்கணக்கான வோல்ட். உயிருக்கே ஆபத்து. இந்த இரண்டையும் வீட்டில் திறக்கவே வேண்டாம். ஃபேன் வேலைக்கும் மெயினை அணைத்துவிட்டு, தெரிந்த எலக்ட்ரீஷியனையே செய்யச் சொல்லுங்கள்.

கடைக்குப் போகும்போது பழைய கண்டன்சரைக் கையோடு எடுத்துப் போங்கள். அதில் போட்டிருக்கும் மைக்ரோஃபாரட் எண்ணே புதியதிலும் இருக்க வேண்டும். "பெருசா போட்டா நல்லா சுத்தும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். காயில் சூடேறிக் கருகும். வோல்ட் மட்டும் பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம்.

"மோட்டார் போச்சுங்க" என்று ரிப்பேர் செய்பவர் சொன்னால், தயங்காமல் ஒரு கேள்வி கேளுங்கள்: "கண்டன்சரை மீட்டர்ல வெச்சுப் பாத்தீங்களாண்ணே?"

மிக்ஸியை ஓட்டுவது கண்டன்சர் அல்ல. அங்கே தேய்வது கார்பன் பிரஷ். அதைப் பற்றி அடுத்த வாரம்.