மூடாத பழத்தட்டும் மரநாயும்

ஆயிரம் மெகாவாட் அணு உலைகள் இரண்டின் அருகே உறங்கப் பழகிய ஊர் கூடங்குளம். சென்ற வாரம் எங்கள் தெருவையே எழுப்பிவிட்டது ஒரு மரநாய்.

தஹஜ்ஜுத் தொழ எழுந்த உம்மா, அடுக்களையில் சப்தம் கேட்டு, ஜின் என்று எண்ணி ஆயத்துல் குர்ஸியை உரக்க ஓதினார்கள். 'ஜின்' வாழைப்பழச் சீப்பை விட்டு அசையவில்லை. வாப்பா விளக்கைப் போட்டதும் அது பரணில் தாவியது. வாப்பா நாற்காலியில் தாவினார்கள்.

அதற்குள் தெருவார் கம்புடன் வந்துவிட்டனர். பழம் தின்று விதை பரப்பும் பிராணி அது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதனைக் கொல்வதைத் தடுக்கிறது. சட்டம் கிடக்கட்டும். பூனையைக் கட்டிவைத்துப் பட்டினியிட்ட பெண்ணுக்கு நரகம் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை ஜும்ஆ பயானில் கேட்டுக் கண்கலங்கும் நாமே, கம்பையும் முதலில் எடுக்கிறோம். பனைகளை அழித்து வீடு கட்டியதும் நாம்தாமே?

இரவில் கதவை அடைத்துப் பாத்திரங்களை மூடிவைக்கச் சொல்லும் நபிமொழி புகாரியில் உண்டு. அன்று சன்னலை அடைக்காததும், பழத்தட்டை மூடாததும் எங்கள் பிழை. தெருவாரை அனுப்பிவிட்டு, விளக்கை அணைத்து, பின்கதவைத் திறந்து வைத்தோம். ஃபஜ்ர் பாங்குக்கு முன் அது போய்விட்டது, மிச்சமிருந்த இரண்டு பழங்களையும் தின்றுவிட்டு.