மனைவி பெயரில் ஒரு டெபாசிட்

வீட்டுக்காரம்மாவுக்கு வேறு வருமானம் இல்லை, அவர் பெயரில் டெபாசிட் போட்டால் வரி மிச்சம் என்று நம்பாத சம்பளக்காரர் குறைவு. வரி பிடிக்க வேண்டாம் என்ற படிவத்தில் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டால் வங்கியும் வரி பிடிக்காது. இந்த வருமானம் வேறு யார் கணக்கிலும் சேராது என்ற உறுதிமொழி அந்தப் படிவத்தின் அடியிலேயே இருக்கிறது, யார் படித்தார்கள்? வருமான வரிச் சட்டமோ, கணவன் சும்மா கொடுத்த பணத்தின் வட்டியைக் கணவன் தலையில்தான் கட்டுகிறது. 30 சதவீத வரி கட்டுகிறவருக்கு லட்ச ரூபாய் வட்டிக்கு செஸ்ஸோடு 31,200 ரூபாய். முன்கூட்டியே கட்டாததற்கு மாதம் 1 சதவீத வட்டி தனி. நோட்டீஸ் வந்த ராத்திரி, "நீங்க காட்டின இடத்துலதானே கையெழுத்துப் போட்டேன்?" என்று அந்த அம்மா கேட்டால் பதில் கிடையாது. ஆனால் என் எரிச்சல் சட்டத்தின் மேல்தான். வசூலிக்கும்போது தம்பதியை ஒன்றாகப் பார்க்கிறது. மனைவி பயன்படுத்தாத வரிவிலக்கு வரம்பைக் கணவன் கேட்டால், நீங்கள் வேறு அவர் வேறு என்கிறது. கூட்டாக ரிட்டர்ன் போட இங்கே வழியே இல்லை. சண்டையை ஒத்திவைத்து, நோட்டீஸில் கேட்ட தொகை சரிதானா என்று முதலில் வருமான வரி போர்ட்டலில் பாருங்கள். தப்பென்றால் மறுத்துப் பதில் போடலாம். சரியென்றால் பொதுவாக 30 நாள் கெடு, அதற்குள் அதிகாரிக்கு எழுதித் தவணையும் கேட்கலாம். கிரெடிட் கார்டைத் தேய்க்க வேண்டாம். அந்த டெபாசிட்டையே முறித்துக் கட்டுங்கள், வங்கி பிடிக்கும் அபராதம் கார்டு வட்டிக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.