டிரான்ஸ்பர் பில்லை டிரங்குப் பெட்டியில பூட்டாதீங்க

டி. கல்லுப்பட்டியில இருக்கிற எங்க மாமா ராணுவத்துல 24 வருஷம் இருந்தவர். ஒரு தடவை மாறுதல் வந்தப்ப, குடும்பத்தோட சாமான்களை ஊருக்கு அனுப்ப 40,000 ரூபாய் செலவு. அவர் ரயில்ல வர்றதுக்கு வாரண்ட் இருக்கு. ஆனா லாரி வாடகை, பேக்கிங், ஏத்து கூலி, இறக்கு கூலி எல்லாம் முதல்ல கையிலிருந்துதான் போகணும். கையில இல்ல. ஊர்ல ரெண்டு வட்டிக்கு வாங்கினார்.

பில் எல்லாம் வீட்டு டிரங்குப் பெட்டியில. அவர் எல்லையில. அடுத்த லீவுல வந்து எடுத்துட்டுப் போய் கிளெய்ம் போட்டு, பணம் கைக்கு வர ஏழு மாசம். மாசம் 800 ரூபாய், மொத்தம் 5,600 ரூபாய் வட்டி. அதை யாரும் திருப்பித் தரல. "விடு மாப்ள, கவர்மெண்ட் பணம்தானே, வர்றப்ப வரும்" என்பார்.

இங்கதான் எனக்கு மாமாவோட உடன்பாடு இல்லை. அது கவர்மெண்ட் பணம் இல்லை, அவரோட பணம். வேலைக்காக நீங்க முன்கூட்டிச் செலவு பண்றது, முதலாளிக்கு நீங்க கொடுக்கிற வட்டியில்லாக் கடன். கொடுத்த கடனைக் கேட்க என்ன கூச்சம்?

விதி என்னவோ மோசமில்லை. 7-வது ஊதியக் குழுவுக்குப் பிறகு, ஊர் மாறிப் போகும் மத்திய அரசு ஊழியருக்கு அடிப்படைச் சம்பளத்தில் 80 சதவீதம் மாறுதல் மானியம். அடிப்படைச் சம்பளம் 25,500 என்றால் 20,400 ரூபாய். சாமான் கொண்டுபோற செலவு தனி. முன்பணமும் கேட்டு வாங்கலாம். ஆனா கெடு இறுகிடுச்சு. பயணப்படி கிளெய்ம் போட ஒரு வருஷம் இருந்ததை 2018 மார்ச்சில் 60 நாளாக்கினாங்க. ஓய்வு பெறுபவர்களுக்கு மட்டும் 2021 ஜூனில் 180 நாள் கொடுத்தாங்க. குடும்பம் ஒரு ஊர்லயும் ஆள் ஒரு ஊர்லயும் இருக்கிற வேலைகளுக்கும் இதே தாராளம் வேணும் என்பது என் கருத்து.

நமக்கு இதுல என்ன? மதுரையிலிருந்து சென்னைக்கோ புனேவுக்கோ கம்பெனி மாத்தினா, உங்க கதையும் இதுதான். வரியையும் கவனிங்க. மாறுதலுக்காகக் கம்பெனி தரும் படியில், பயணம், பேக்கிங், சாமான் ஏத்திப்போக நிஜமா செலவான அளவுக்கு வரி இல்லை. புது வரி முறையிலும் உண்டு. 50,000 வாங்கி 30,000-க்குத்தான் பில் இருந்தா, மீதி 20,000 சம்பளமாகி வரிக்குள்ள வந்துடும். புது வீட்டு அட்வான்ஸ் இதுல சேராது.

இதைச் சின்ன விஷயமா நினைக்காதீங்க. அமெரிக்காவுல இந்த வரிச் சலுகையை 2018 முதல் சாதாரண சம்பளக்காரங்ககிட்ட இருந்து எடுத்துட்டாங்க. பணியில் இருக்கிற ராணுவத்தினருக்கு விட்டு வச்சாங்க. இங்க நம்ம எல்லாருக்கும் இன்னும் இருக்கு.

அதனால மாறுதல் ஆர்டர் கைக்கு வந்த அன்னைக்கே மூணு கேள்வி கேளுங்க: முன்பணம் எவ்வளவு? எந்தெந்த பில் வேணும்? கெடு எத்தனை நாள்? லாரிக்காரர் ரசீது கொடுத்ததும் அங்கேயே போட்டோ எடுத்து உங்களுக்கே மெயில் போட்டுடுங்க. பெட்டி ஊர்ல இருந்தாலும் பில் உங்க கையில இருக்கும்.