மூலையில் மிதக்கும் சின்னத் திரை



கணக்கு வாத்தியாருக்கு லேப்டாப்பில் என்ன வேலை என்று சிரிக்காதீர்கள். ஓய்வு பெற்ற பிறகு நானும் ஒரு மாணவன்தான்.

போன மாதம் பேத்தி ஒரு வித்தை சொல்லிக் கொடுத்தாள். குரோமில் யூடியூப் ஓடும்போது வீடியோவின் மேல் இரண்டு முறை ரைட் கிளிக் செய்தால் 'பிக்சர் இன் பிக்சர்' என்று ஒரு வரி வரும். அதை அழுத்தினால் வீடியோ மட்டும் தனியாகக் கழன்று வந்து திரையின் மூலையில் மிதக்கும். வேறு எதைத் திறந்தாலும் அதற்கு மேலேயே நிற்கும். விரும்பிய இடத்துக்கு இழுத்து வைக்கலாம், ஓரத்தைப் பிடித்துப் பெரிதாக்கலாம். 2018 முதலே குரோமில் இந்த வசதி இருக்கிறதாம். எனக்குத்தான் தாமதம்!

அதை வைத்து ஜியோஜீப்ரா கற்றுக்கொண்டேன். மூலையில் பாடம், நடுவில் என் முக்கோணம். வீடியோவை நிறுத்தி, ஒரு கோடு வரைந்து, மறுபடியும் ஓட்டுவேன். முக்கோணத்தின் முனையை இழுக்க இழுக்க உள்வட்டமும் கூடவே மாறியதைப் பார்த்தபோது, இத்தனை வருடம் கரும்பலகையில் அழித்து அழித்து வரைந்த கைக்குப் பொறாமையே வந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

அடுத்த ஞாயிறு அக்கா வீடியோ காலில் வந்தார். மூலையில் கிரிக்கெட். சத்தத்தை நிறுத்திவிட்டேன், யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைப்பு. "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று அக்கா, "தம்பி, நான் இப்ப என்ன சொன்னேன்?" என்றார். என்னால் சொல்ல முடியவில்லை. கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறார்கள், கூட வர முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

வகுப்பில் பாடப் புத்தகத்துக்குள் கதைப் புத்தகம் வைத்துப் படித்தவர்களை எழுப்பி, நான் கேட்ட அதே கேள்வி! இதைப் படிக்கும் உங்களில் சிலருக்கு நன்றாக நினைவிருக்கும். இப்போது திருப்தியா?

என் கருத்து இதுதான். அந்தச் சின்னத் திரை கெட்டதல்ல. அதில் ஓடுவதும் கை செய்வதும் ஒரே வேலையாக இருந்தால் அதைப் போல நல்ல துணை இல்லை. தையல், எக்ஸல், கோலம் எதுவானாலும் பார்த்துப் பார்த்துச் செய்யலாம். இரண்டும் வேறு வேறு வேலையானால் மனம் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதில்லை, அங்கும் இங்கும் தாவுகிறது. தாவும் நேரத்தில் சொன்னது தவறிப்போகிறது. எதிரே ஒரு மனிதர் பேசிக்கொண்டிருந்தால் தவறிப்போவது பாடம் அல்ல, அவர் மனசு.

ஆபரேஷனுக்கு நான் கூடப் போகிறேன். போனையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாமா என்று யோசிக்கிறேன்.

இன்று அம்மாவுக்கோ அப்பாவுக்கோ வீடியோ காலில் பேசப்போகிறவர்கள், முதலில் மூலையில் இருப்பதை மூடுங்கள். இதுதான் இந்த வார வீட்டுப்பாடம். செய்தவர்கள் கீழே கை தூக்குங்கள்.